செவ்வாய்க்கிழமை எங்கே போவது

அத்தியாயம் 16

ஊர் சுற்றுவதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும். முப்பத்தைந்து வருஷமாக யோங் பெங் சாலையோரத்தில் ரொட்டி சானாய் என்னும் பரோட்டா வீசிக்கொண்டிருந்த ஜெய்னுலாபுதீனுக்கு அது வாய்த்ததே இல்லை. பெருநாளைத் தவிர வேறு எதற்கும் கடையைச் சாத்தாத மனிதர். மனைவி ரம்லா ஒருமுறை பினாங்குக்குப் போய் வரலாமா என்று கேட்டபோது, "அங்கயும் தேத்தண்ணிதான விக்கிறான்" என்று சொல்லிப் பேச்சை முடித்தவர்.

அப்பேர்ப்பட்டவர்தான் லேடாங் மலையடிவாரத்தில் கூடாரம் போட்டு நாலு நாள் தங்க வேண்டும் என்று அடம் பிடித்தார். மகன் அக்பர் கடையைப் பார்த்துக்கொள்ள, மகள் நஸீமா விடுப்புப் போட்டுவிட்டுக் காரோட்டி வந்தாள். ஏன், எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, நாலு வருஷமாக செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு கட்டிக் கிடக்கிற மனிதர் வாய் திறந்து ஒன்றைக் கேட்டால் யார்தான் காரணம் கேட்பார்கள்?

கேட்டிருக்க வேண்டும். அதுதான் இந்த வாரத்துச் சங்கதி.

நஸீமாவுக்கு பாசிர் கூடாங்கில் வேலை. எந்த லாரி எத்தனை மணிக்கு எந்தக் கிடங்குக்குப் போக வேண்டும் என்று அட்டவணை போடுவது. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. இந்தப் பயணத்துக்கும் வண்ண வண்ணமாகக் கோடு போட்டு ஒரு தாள் தயாரித்திருந்தாள். ஞாயிறு சாகில் அருவி. திங்கள் தங்காக் துணிக்கடைகள். செவ்வாய் காலை பதினொரு மணிக்கு மூவாரில் டயாலிசிஸ், அது முடிந்ததும் ஆற்றங்கரை. புதன் செகாமாட் வழியாக வீடு.

சுற்றுலாப் போகிற ஊரில் டயாலிசிஸுக்கு இடம் பிடிப்பது லேசான காரியமில்லை. ரத்தப் பரிசோதனைத் தாள் அனுப்பி, டாக்டர் கடிதம் அனுப்பி, மூன்று வாரத்துக்கு முன்பே அந்த இடத்தை வாங்கியிருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

செவ்வாய் காலை எட்டரை மணிக்கு, எதற்கும் ஒரு வார்த்தை கேட்டு வைப்போம் என்று மூவார் டயாலிசிஸ் சென்டருக்குப் போன் செய்தாள். எடுத்த நர்ஸ் தமிழ்ப்பெண்.

"அந்த ஸ்லாட் கேன்சல் ஆயிடுச்சே அக்கா."

"யாரு கேன்சல் பண்ணது?"

"பேஷண்டே பண்ணாங்க. போன வெள்ளிக்கிழமை. வேற எடத்துல செஞ்சுக்கிறேன்னு சொன்னாங்க."

நஸீமா கூடாரத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய வாப்பா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்துக் கூடாரத்துச் சீனக் குடும்பத்துக்குத் தேநீர் இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தான் குடிக்க முடியாது. ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் என்று கணக்கு. ஆனால் கை மட்டும் பழைய கைதான். குவளைக்குக் குவளை ஒரு முழம் நீளத்துக்குத் தேநீர் போய் வந்தது. அந்த வீட்டுக் குழந்தைகள் கை தட்டின.

"கடைசியா எப்ப செஞ்சாங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

"சனிக்கிழமை."

"அப்பன்னா இன்னைக்குத் தாண்டக் கூடாதுக்கா. மூணு மணி ஷிஃப்ட்ல ஒரு மெஷின் காலி இருக்கு. வரோம்னு ரெண்டு மணிக்குள்ள சொல்லிடுங்க. இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

போனை வைத்தவளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டதுமே, "பத்து நிமிஷம்மா" என்று சொல்லி, பக்கத்துக் கடைக் காளியப்பன் வீட்டில் வண்டியை நிறுத்தச் சொன்னார். கடை முன்னால் லாரி நிறுத்திய தகராறில் பதினொரு வருஷம் பேசாமலிருந்த ஆள். திங்கட்கிழமை தங்காக்கில் ரம்லா துணி பார்த்துக்கொண்டிருக்க, இவர் பின்தெருவில் சபாபதியைத் தேடிப் போனார். சபாபதி முன்பு இவரிடம் பரோட்டா மாஸ்டராக இருந்தவர். வாடிக்கையாளர்கள் முன்னால் இவரிடம் ஒருநாள் அறை வாங்கி, ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவர். இரண்டு இடத்திலும் வாப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசினார். இரண்டு இடத்திலும் ஆண்பிள்ளைகள் கண்ணைத் துடைத்தார்கள்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் அப்படிச் செய்வார்கள். வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மாப்புக் கேட்டுவிட்டுத்தான் விமானம் ஏறுவார்கள். வாப்பா ஹஜ்ஜுக்குப் போகவில்லை.



வாப்பாவைக் கூடாரத்துக்குப் பின்னால் ஓடிய ஓடைப் பாறைப் பக்கம் அழைத்துப் போனாள். சுற்றி வளைக்கத் தெரியாத பெண்.

"வாப்பா, மூவார் ஸ்லாட்டை ஏன் கேன்சல் பண்ணீங்க?"

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்ல நினைத்தாரோ என்னவோ, சொல்லவில்லை.

"போதும்மா."

"என்ன போதும்?"

"நாலு வருஷம். வாரத்துக்கு மூணு தடவ ரெண்டு ஊசி குத்துறாங்க. குத்தின மறுநா எந்திரிக்க முடியல. எந்திரிக்கிற அன்னைக்கு மறுபடி குத்துறாங்க. ஒங்க உம்மா எனக்காக உப்பில்லாம ஆக்கி, தானும் உப்பில்லாம திங்கிறா. நான் யாருக்காகம்மா ஓடிட்டு இருக்கேன்?"

"எங்களுக்காக ஓடுங்க."

"ஓடிட்டேன்."

இடது முழங்கையில் ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன நரம்பை வலது கையால் தடவிக்கொண்டே சொன்னார். "எல்லார்கிட்டயும் மாப்புக் கேட்டாச்சு. ஒங்க மாமி ஹப்ஸா ஒருத்திதான் பாக்கி. அவ வாயால பொறுத்தேன்னு சொல்லிட்டா எனக்கு மனசுல ஒன்னும் இல்ல. அப்புறம் அந்த மெஷின் பக்கம் போமாட்டேன். அல்லா எத்தன நாள் குடுக்கிறானோ அத்தன நாள் வீட்டுல இருப்பேன். உம்மாகிட்ட சொல்லாத."

டயாலிசிஸை நிறுத்தினால் எத்தனை நாள் என்பது நஸீமாவுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம். 

"இன்னைக்கு மூவாருக்குப் பதிலா பாரிட் ஜாவா போலாம்மா. ஹப்ஸா வீடு அங்கதான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், ரம்லாவிடம் மகளுடைய முகத்தை மறைக்க முடியாது. பொதுக் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் ஒரு தடவைதான் நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லு" என்றாள். நஸீமா சொல்லிவிட்டாள். சொல்லச் சொல்ல அழுதாள்.

ரம்லா அழவில்லை. சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சுத்தமான சட்டியைத்தான்.

"ரெண்டு வாரமா என்கூட சண்டையே போடல. அப்பவே நெனச்சேன்."

"நீங்க சொன்னா கேப்பாங்க உம்மா."

"நான் சொல்லி எதக் கேட்டிருக்காங்க?" சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "காளியப்பன்கிட்ட கேட்டாங்க. சபாபதிகிட்ட கேட்டாங்க. முப்பத்திரண்டு வருஷம் கூட இருந்தவ நான். என்கிட்ட கேக்கல பாத்தியா."

"உம்மா..."

"கேட்டா நான் குடுக்க மாட்டேன்னு தெரியும். அதான்."

அதைச் சொன்ன பிறகு கொஞ்ச நேரம் குழாயை மூடாமல் தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்தாள். "கெளம்பு. பாரிட் ஜாவா போலாம்" என்றாள். நஸீமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தடுப்பாள் என்று நினைத்திருந்தாள்.

கூடாரவாசி ஒருவர் வழியில் நிறுத்தி, மூவார்ப் பக்கம் போனால் எங்கே மீ பண்டோங் நூடுல்ஸ் நன்றாக இருக்கும் என்று விளக்கினார். மூன்று பேரும் நின்று, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். துக்கத்திலும் மரியாதை விட்டுப்போகாத குடும்பம்.

கார் கிளம்பியது. செம்பனைத் தோட்டம் முடிந்தால் அடுத்த செம்பனைத் தோட்டம். அந்த ஒரு மணி நேரப் பயணத்துக்குள் ஹப்ஸாவின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஹப்ஸா ஜெய்னுலாபுதீனுக்கு ஒரே தங்கை. ஒன்பது வருஷத்துக்கு முன்பு அவர்களுடைய தாய் யோங் பெங் வீட்டில் மௌத்தானபோது ஹப்ஸா சிங்கப்பூரில் வேலையில் இருந்தாள். விடியற்காலைச் சேதி. உடனே புறப்பட்டாள். ஆனால் அன்று பள்ளி விடுமுறையின் முதல் நாள். எல்லைப் பாலத்தில் பஸ் நகரவில்லை. ஏழு மணி நேரம் பாலத்தின் நடுவில் நின்றபடி அண்ணனுக்குப் போன் மேல் போன். "நானா, நான் வந்துட்டிருக்கேன். உம்மா முகத்தைப் பாக்கணும். எடுத்துடாதீங்க." இவரும் சரி சரி என்றார்.

நம்மவர்களில் மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலை, வெகுநேரம் வைத்திருக்க மாட்டார்கள். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு எடுப்பதாகப் பேச்சு. ஹப்ஸாவுக்காக மாலை அஸர் தொழுகை வரை தள்ளினார். அஸரும் முடிந்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வெட்டிய குழியில் தண்ணீர் ஊற ஆரம்பித்திருப்பதாகப் பள்ளிவாசல் ஆட்கள் வந்து சொன்னார்கள். அந்த நேரத்தில் ஹப்ஸாவின் கடைசிப் போன். "ஆயர் ஈத்தாம் வந்துட்டேன் நானா. அரை மணி நேரம்." அவர் எல்லாருடைய முகத்தையும் பார்த்தார். எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். "எடுங்க" என்று சொல்லிவிட்டார்.

ஹப்ஸா வந்து பார்த்தது ஈர மண்ணைத்தான். மழை அன்று வரவே இல்லை.

அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுக்கு வரவில்லை. பெருநாளுக்கும் இல்லை. அக்பர் கல்யாணத்துக்கும் இல்லை. சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டுக் கணவரோடு பாரிட் ஜாவாவில் குடியேறிய சேதியும் அடுத்தவர் சொல்லித்தான் தெரியும்.

பதினொன்றரை மணிக்கு அந்த வீட்டு வேலியோரம் கார் நின்றது. பலகை வீடு. வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஜெய்னுலாபுதீன் கதவைத் திறக்கப் போனார்.

"இருங்க மச்சான்" என்றாள் ரம்லா. "நான் மொதல்ல போயி சொல்றேன். திடுதிப்புன்னு நீங்க போயி நின்னா கதவச் சாத்திடுவா."

அது நியாயமாகப் பட்டது அவருக்கு.

ரம்லா முன்வாசலுக்குப் போகாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். பின்கட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படிக்குள் நுழைந்தாள். ஹப்ஸா தரையில் உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் முகத்தில் முதலில் சந்தோஷந்தான் வந்தது. பிறகு அதை மறைத்துக்கொண்டாள்.

"மச்சி. என்ன இவ்ளோ தூரம்?"

"ஒங்க நானா வந்திருக்காங்க. வண்டியில இருக்காங்க."

ஹப்ஸா மறுபடி மீனைப் பார்த்தாள்.

"ஒன்கிட்ட மாப்புக் கேக்க வந்திருக்காங்க."

"ஒம்பது வருஷம் கழிச்சா?"

"ஆமா. நீ குடுத்துடாத."

ஹப்ஸாவின் கத்தி நின்றது.

ரம்லா அவள் எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். ரத்துச் செய்த இடத்தை, காளியப்பனை, சபாபதியை, பத்து நாளை. குரல் உடைய உடைய, நிறுத்தாமல் சொன்னாள்.

"ஒன்னோட வார்த்தை ஒன்னுதான் பாக்கி. அது கெடச்சா அவங்க வீட்டுல போயிப் படுத்துக்குவாங்க. கெடைக்கலன்னா போமாட்டாங்க. ஒங்க நானாவை எனக்குத் தெரியும். பாக்கி வச்சிட்டுப் போற ஆள் இல்ல. நீ பொறுக்காத ஹப்ஸா. ஒங்கால்ல வேணா விழுறேன். கோவமாவே இரு."

ஹப்ஸா ஆமாம் என்றோ முடியாது என்றோ சொல்லவில்லை. எழுந்து கையைக் கழுவினாள். தலையில் முக்காட்டைச் சரி செய்துகொண்டு முன்வாசலுக்கு நடந்தாள்.

ஜெய்னுலாபுதீன் அதற்குள் மகள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தங்கையைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று, முடியாமல் உட்கார்ந்தார். ஒன்பது வருஷத்துக்கு முன்பு இரண்டு ஆள் தூக்கும் மாவு மூட்டையைத் தனியாகத் தூக்கியவர். ஹப்ஸா அவருடைய கையைப் பார்த்தாள். கால் வீக்கத்தைப் பார்த்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கியாம்மா?"

"இருக்கேன்."

"சுத்தி வளைக்க எனக்கு வரல. உம்மா முகத்த நீ பாக்காமப் போனதுக்கு நான்தான் காரணம். மழைன்னு சொன்னேன், தண்ணி ஊறுதுன்னு சொன்னேன். அதெல்லாம் இருந்துச்சுதான். ஆனா எடுங்கன்னு சொன்னது என்னோட வாய்." மூச்சு வாங்கிற்று. "பொறுத்துக்கம்மா. பொறுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் நிம்மதியாப் போயிடுறேன்."

தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று.  நஸீமாவுக்கு மாமியின் உதடு நடுங்குவது தெரிந்தது. இதோ சொல்லிவிடப் போகிறாள் என்று தோன்றியது. ரம்லா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் பொறுக்கல நானா" என்றாள் ஹப்ஸா.

அவர் புரியாதவர்போலப் பார்த்தார்.

"ஆயர் ஈத்தாம்ல இருந்து போன் பண்ணேன். அரை மணி நேரந்தான் கேட்டேன். எனக்காக ஒங்களால அரை மணி நேரம் காத்திருக்க முடியல."

"ஆமாம்மா."

"இப்ப எனக்கு நேரம் வேணும். எவ்ளோ நாளுன்னு தெரியாது. மனசு வர்றப்ப நானே யோங் பெங் வந்து சொல்றேன். அதுவரைக்கும் காத்திருங்க."

"ஹப்ஸா, என்னால..."

"இந்தத் தடவ காத்திருங்க நானா."

அவ்வளவுதான். திரும்பி உள்ளே போய்விட்டாள். உட்காருங்கள் என்றோ தண்ணீர் குடியுங்கள் என்றோ சொல்லவில்லை. வந்தவரை வாசலில் வைத்துவிட்டுப் போகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை.

ஜெய்னுலாபுதீன் வெகுநேரம் அந்த நாற்காலியிலேயே இருந்தார். கண்ணில் தண்ணீர் வரவில்லை. வாரக்கணக்கில் போட்டு வைத்த திட்டம் ஒன்று கடைசி நிறுத்தத்தில் கலைந்துபோன மனிதருடைய முகம் அது. லாரிகளை அனுப்பிப் பழகிய நஸீமாவுக்கு அந்த முகம் தெரியும். ஆனால் வாப்பாவிடம் அதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை.

"மணி என்னம்மா?" என்றார்.

"பன்னெண்டே முக்கால் வாப்பா. மூவார்ல மூணு மணிக்கு ஒரு மெஷின் காலி இருக்காம். ரெண்டுக்குள்ள சொல்லணும்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மகள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மெல்ல மெல்லக் காருக்கு நடந்தார்.

ரம்லாவின் செருப்பு பின்கட்டில் இருந்தது. அதை எடுக்கப் போனவள் அடுப்படி வாசலில் நின்றுவிட்டாள்.

ஹப்ஸா பாதி வெட்டிய மீனுக்குப் பக்கத்தில், தரையில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். முக்காட்டுத் துணியைப் பந்தாகச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் அழுதுகொண்டிருந்தாள். உடம்பு முழுக்கக் குலுங்கியது.

தான் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவள் சொன்னாளா? அல்லது ஒன்பது வருஷமாக நெஞ்சில் இருந்ததா? ரம்லாவுக்குத் தெரியவில்லை. இரண்டு எட்டு வைத்து உள்ளே போய், தோளைத் தொட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். கேட்டால் அவள் சொல்லிவிடுவாள். நான் எப்போதோ பொறுத்துவிட்டேன் மச்சி என்று ஒருவேளை சொல்லிவிட்டால், அதை வயிற்றில் வைத்துக்கொண்டு அந்த மனிதரை இனி எப்படி வாரம் மூன்று நாள் ஊசிக்கு அனுப்புவது?

ரம்லா கேட்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு, ஓசைப்படாமல் வேலியோரம் வரை நடந்தாள். தன் வாழ்நாளில் இவ்வளவு பெரிய பாவத்தைத் தான் செய்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. இருந்தும் திரும்பிப் போகவில்லை.

காரில் ஜெய்னுலாபுதீன் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தே இருந்தது. ஒரு கால் இன்னும் வெளியே மண்ணில்தான் இருந்தது.

"என்ன பண்றா?" என்று கேட்டார்.

"மீன் வெட்டுறா."

"கோவம் கொஞ்சமாச்சும் அடங்கியிருக்கா?"

ரம்லா பின்சீட்டில் ஏறி, மடியில் கையைக் கோத்து வைத்துக்கொண்டாள். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள்.

"இல்ல மச்சான். அப்படியேதான் இருக்கு. நாளாகும்."

அவர் கொஞ்ச நேரம் அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே இருந்த காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தினார்.

"அந்த நர்ஸுக்குப் போன் பண்ணும்மா" என்றார் நஸீமாவிடம்.